கூப்பிட்டால் வரக்கூடாது

கூண்டு கழுவும் வேலைக்கு நான் சேர்ந்த புதிதில், எல்லோரும் பயமுறுத்திய அளவுக்கு அது கஷ்டமான வேலையாகத் தெரியவில்லை. சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அந்தப் பக்கம் எலிகள் இருக்கும் அறை, இந்தப் பக்கம் என் தண்ணீர்த் தொட்டி. அழுக்குக் கூண்டுகள் ஜன்னல் வழியாக வரும். மருந்து கலந்த சுடுதண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்தால் முடிந்தது. ஓர் அறையின் நோய் இன்னோர் அறைக்குப் போகக் கூடாது என்பதால் ஒவ்வோர் அறைக்கும் தனித் தொட்டி, தனி ஆள். அதனால் மற்றவர்களுக்கு எப்படிக் கூண்டு வருகிறது என்று எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு நாள், அந்தப் பக்கத்து அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா லீவு போட்டார். அவருடைய அம்மாவுக்கு உடம்பு மோசமாகியிருந்தது. அன்றைக்கு வேறு ஆள் தள்ளிவிட்ட கூண்டுகளைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. மூலைக்கு மூலை புழுக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. மூத்திரம் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்தது. சுரண்டிச் சுரண்டி நகம் ஒடிந்தது. மருந்துத் தண்ணீர் பட்டு இரண்டு கையும் எரிந்தது. சாயங்காலம்தான் எனக்கு விளங்கியது, இத்தனை நாளும் ஒவ்வொரு கூண்டையும் அக்கா முதலில் சுரண்டித் துடைத்துவிட்டுத்தான் எனக்குத் தந்திருக்கிறார் என்று.

மறுநாள் கேட்டேன். "ஏங்க்கா, எனக்காகவா சுரண்டி அனுப்புனீங்க?"

"அப்படியா? காஞ்சு தானா உதிர்ந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூண்டுகள் மட்டும் மறுபடியும் சுத்தமாக வந்தன.

எங்கள் வேலையைப் பற்றி வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். "எலியை வளக்கறீங்களா? எங்க வீட்டுப் பரணுல ஒரு படையே இருக்கு, அனுப்பி வைக்கட்டுமா?" என்று கேட்காத ஆள் இல்லை. இது வீட்டு எலி இல்லை. நாணல் எலி. முழுசாக வளர்ந்தாலும் என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். முதுகு செம்பழுப்பு, வயிறு வெள்ளை. நாணல் தண்டில் வாலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, காற்றில் தண்டு ஆட ஆட அதுவும் ஆடும். நாணல் இலையைப் பல்லால் நார் நாராகக் கிழித்து உருண்டையாகக் கூடு பின்னும். எங்கள் ஊரின் சதுப்பு நிலத்தைத் தவிர வேறெங்கும் அது கிடையாதாம். அந்தச் சதுப்பில் மண்ணைக் கொட்டிக் கட்டடமாகக் கட்டிக்கொண்டே போனதில் கடைசியில் ஒரு மூலைதான் மிஞ்சியது. அங்கே மிச்சமிருந்த எலிகளைப் பிடித்துவந்து, குட்டி போடவைத்து, திரும்பவும் நாணலுக்குள் கொண்டுபோய் விடுவதற்காகத்தான் நாங்கள் வேலை பார்த்த அந்த இடத்தைக் கட்டியிருந்தார்கள். படைத்தவனுக்கு அந்தச் சின்ன உயிர் வேண்டியிருந்திருக்கிறது. இல்லாவிட்டால் அவ்வளவு நுணுக்கமாக விரல் வைத்திருப்பானா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவை இரவில் விழித்திருக்கும் பிராணிகள். அதனால் அறைக்குள் பகலை இரவாக்கி வைத்திருந்தார்கள். சாயங்காலம் கிளம்பும்போது உள்ளே பளிச்சென்று விளக்கைப் போட்டுவிட்டுப் போவார்கள், எலிகள் தூங்கும். காலையில் வந்து அதை அணைத்துவிட்டு, எலிக்கு இருட்டாகவே தெரியும் ஒரு மங்கலான சிவப்பு பல்பு மட்டும் போடுவார்கள். அந்தச் சிவப்பு இருட்டுக்குள்தான் அக்காவுக்கு நாள் முழுக்க வேலை. வாசனை சோப்பு போடக் கூடாது. பவுடர் கூடாது. தீனி வைப்பது யார் என்று எலிக்குத் தெரியக் கூடாது, பலகைக்குப் பின்னால் இருந்து கையை விட்டு வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே பேசவே கூடாது. மனுஷக் குரல் பழகிவிட்டால் வெளியில் போனதும் மனுஷனைக் கண்டு ஓடாது, செத்துப்போகும்.

அக்காவுக்கு இது பொருத்தமான வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். வெளியிலும் அவர் அதிகம் பேசமாட்டார். எங்கள் வேன் டிரைவர் அவருக்கு "மௌனம்மா" என்று பெயர் வைத்திருந்தார். காலையில் கேட்டில் பார்த்தால், "மௌனம்மா, இன்னைக்காவது திருவாய் மலருமா?" என்பார். அக்கா சிரித்துவிட்டுப் போவார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. முன்பு ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்தாராம். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு காதோரம் ஏதாவது சொன்னால் அது அடங்கித் தூங்கிவிடுமாம். காப்பகத்தை மூடிய பிறகு, கை பதமாக இருக்கும் என்று யாரோ சொல்லி இங்கே எடுத்தார்கள். ஒரே அண்ணன், தூர ஊரில் குடும்பத்தோடு இருந்தார். அக்கா ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடி அறையில் அம்மாவோடு இருந்தார். படுத்த படுக்கையாக இருந்த அம்மா, நான் சொன்ன அந்த லீவுக்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

துக்கம் கேட்க நான் அந்த அறைக்குப் போனேன். ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், ஸ்டூலில் மாத்திரை டப்பா. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் டயர்கள் தொங்கின. கட்டிலை நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அதுல படுக்க மனசு வரல. கீழதான் படுக்கறேன்" என்றார். நான் கைகூப்பிப் பிரார்த்தனை செய்துவிட்டு, "கடவுள் உங்களைத் தனியா விடமாட்டாருக்கா" என்றேன். "விடமாட்டார்" என்று அவரும் சொன்னார். அந்த அறையில் அது சும்மா ஒரு சத்தம் மாதிரித்தான் கேட்டது.

அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமை டீ நேரத்தில் அவராகவே ஒன்று சொன்னார். "சனிக்கிழமை இங்கருந்து போனேனா, இன்னைக்குக் காலையில ரொட்டிக் கடையில வாயத் தொறந்தா குரலே வரல. தொண்டையில ஏதோ அடைச்ச மாதிரி. கடைக்காரன் என்னை ஊமைன்னு நெனச்சு ஜாடையில கேக்கறான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கினதும் எனக்கு என்னவோ போல இருந்தது.

ஜன்னலின் பலகைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் சத்தத்துக்கு நடுவே ஒரு முணுமுணுப்பு கேட்பது மாதிரி எனக்கு எப்போதாவது தோன்றியதுண்டு. குழாய்ச் சத்தம் என்றுதான் நினைத்தேன்.

மழைக்கு முன்னால் எலிகளை விட்டாக வேண்டும். மழை பெய்து புது நாணல் வளரும்போதுதான் அவை கூடு கட்டிக் குட்டி போடும். விடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. காற்று நுழையாத உள்முற்றத்தில் வலை போட்ட பெரிய அடைப்புக்குள் தொட்டி தொட்டியாக நாணல் நட்டிருப்பார்கள். எலிகளை அதற்குள் விட்டு, ஆள் போனால் ஒளிகின்றனவா என்று பார்ப்பார்கள். மற்ற இரண்டு அறை எலிகளும் டிரைவரின் செருப்புச் சத்தத்துக்கே மாயமாய் மறைந்தன. அக்காவின் அறை எலிகளும் டிரைவர் போனபோது ஒளியத்தான் செய்தன. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அப்போது அந்த இடத்துக்கே பொறுப்பான எங்கள் டாக்டரம்மா உள்ளே குனிந்து, எத்தனை தண்டு ஆடுகிறது என்று தனக்குத்தானே மெல்ல எண்ணினார். அந்த மெல்லிய குரலுக்கு நாணல் சலசலத்தது. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு கூட்டமாகத் தண்டின் நுனிக்கு ஏறிவந்து மூக்கை நீட்டின.

"என்னம்மா இது, பொண்ணு பாக்க வந்த மாதிரி எல்லாம் எட்டி எட்டிப் பாக்குதுங்க!" என்றார் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா முகம் வெளுத்துவிட்டது. சதுப்பில் நாணல் அறுக்க வருபவர்கள் பெண்கள். அவர்கள் பேசிக்கொண்டேதான் அறுப்பார்கள். இந்த எலிகள் அரிவாளுக்கு நேராக ஏறி வந்து நிற்கும்.

அக்கா என் பக்கத்தில்தான் நின்றார். யாரும் கேட்பதற்கு முன்னால், "நான்தான் பேசினேன்" என்றார்.

"என்ன பேசினீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"பெருசா ஒண்ணுமில்லம்மா. பஸ்ல உக்கார எடம் கெடச்சுது, நேத்து கரண்ட் போயிடுச்சு, இன்னைக்கு வெயில் ஜாஸ்தி, அப்படி. நான் பேசினா வந்து உக்காந்து கேக்கும். கேக்கற மாதிரி இருக்கும். தப்புன்னு தெரியும். ஒவ்வொரு நாளும் நாளையிலருந்து நிறுத்திடணும்னுதான் நெனப்பேன்."

டாக்டரம்மா வயதில் எங்கள் இரண்டு பேரையும்விடச் சின்னவர். அக்காவை உட்காரச் சொல்லி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். அடுத்த மழை வரை வைத்திருக்க முடியாது. இவற்றின் ஆயுசு கொஞ்சம், அதற்குள் கிழடாகிவிடும். இந்த மழைக்கு விடவில்லை என்றால் இவை கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே சாகும்.

"ஒரே ஒரு வழி இருக்கு. பயத்தைப் பழக்கணும். உங்க குரலைக் கேட்டு வெளிய வந்ததும் பயங்கரமா ஏதாவது நடக்கணும். தட்டைத் தட்டலாம். பருந்து மாதிரி அட்டை வெட்டித் தலைக்கு மேல ஆட்டலாம். நீங்க பேசினதைப் போன்ல பதிவு பண்ணிக் குடுங்க, நானே போட்டுக்காட்டிப் பழக்கறேன். நீங்க உள்ள வர வேண்டாம்."

அக்கா யோசித்தார். "பெட்டிக்குள்ளருந்து வர்ற குரலுக்கு பயந்துட்டு, நேர்ல மனுஷ வாசனையோட கேட்டா மறுபடி வந்துட்டா?"

"வரலாம்" என்று டாக்டரம்மா ஒத்துக்கொண்டார்.

"அப்போ நானே செய்யறேன்."

எலிகளோடு நாணல் தொட்டிகளையும் அக்காவின் அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். மறுநாளிலிருந்து ஜன்னல் பலகைக்கு அந்தப் பக்கம் நடந்ததை நான் கேட்டுக்கொண்டுதான் கூண்டு கழுவினேன். இப்போது பேச அனுமதி உண்டு என்பதால் அக்கா குரலை ஒளிக்கவில்லை. எனக்குத் தெளிவாகக் கேட்டது. "வந்துட்டேன். இன்னைக்கு பஸ் ஒரே கூட்டம். ஒரு பொண்ணு என் மடியில பையை வெச்சுட்டா, எறங்கற வரைக்கும் எடுக்கவே இல்ல..." அவ்வளவு இதமான குரல். அவரிடம் அப்படி ஒரு குரல் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. நானே பிரஷை நிறுத்திவிட்டுக் கேட்டேன். உள்ளே சலசலவென்று இலை அசையும். அவ்வளவுதான், தகரத் தட்டில் கரண்டி விழும். டங்கென்று என் நெஞ்சுக்குள் இடித்த மாதிரி இருக்கும். அதன் பிறகு ஒரு சத்தமும் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அந்தக் குரல், "கோச்சுக்காதீங்க. ரொட்டிக்காரன் இன்னைக்கு என்ன சொன்னான் தெரியுமா..." மறுபடி டங்.

முதலில் எலிகளுக்குப் புரியவில்லை. ஓடிவிட்டு, குரல் கேட்டதும் திரும்ப வந்தன. தட்டுச் சத்தம் வேறு, அக்கா வேறு என்றே நினைத்தன போலிருக்கிறது. சத்தத்துக்குப் பயந்து அக்காவிடமே ஓடி வந்ததும் உண்டாம். அதைச் சொல்லும்போது அவர் டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்.

நாளாக நாளாக ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டன. ஒன்று மட்டும் கற்கவே இல்லை. குட்டியாக இருந்தபோது சண்டையில் காது கிழிந்த ஒரு பெட்டை. எந்தச் சத்தத்துக்கும் அசையாது. குரல் கேட்டால் ஏறி வந்து, தீனி வைக்கும் பலகையின் விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். பருந்து அட்டையை ஆட்டினாலும் நிமிர்ந்து பார்க்குமே தவிர நகராது.

டாக்டரம்மா சொன்னார்: "மத்ததெல்லாம் போகட்டும். இதை மட்டும் இங்கயே வெச்சுக்கலாம். உங்க ரூம்லயே இருக்கட்டும், அதோட காலம் வரைக்கும். அதுகிட்ட நீங்க தாராளமாப் பேசலாம்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குக்கூட அது கடவுளே பார்த்துக் கொடுத்த மாதிரி இருந்தது. டீ நேரத்தில் மெதுவாக, "இருக்கட்டுமேக்கா, அது ஒண்ணாவது உங்களுக்குத் துணையா" என்றேன்.

அக்கா என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். "எனக்குத் துணைக்கு அதைக் கூண்டுல போடணுமா? சதுப்பு நாணல்ல ஒரு நாள்கூட ஆடாத எலிடி அது. காத்துன்னா என்னன்னே தெரியாது அதுக்கு. நான் ஒருத்தி சும்மா இருக்க முடியாம வாயத் தொறந்ததுக்கு அது ஆயுசுக்கும் செவப்பு பல்பைப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?" என்று படபடவென்று பொரிந்துவிட்டு, உடனே, "உன்னைச் சொல்லல. நீ சாப்பிடு" என்று தன் ரொட்டியையும் என் பக்கம் தள்ளினார்.

அன்று வீட்டில் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். அந்த எலி பயப்பட வேண்டும் என்று கேட்பதா, பயப்படக் கூடாது என்று கேட்பதா? இரண்டையும் கேட்க வாய் வரவில்லை. "உனக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் அக்கா ஜன்னல் பலகையைத் தட்டி, "ஐஸ் தண்ணி ஒரு குவளை வேணும்" என்றார். டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று எனக்குத் தெரிந்துவிட்டது. குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்றேன்.

"வந்துட்டியா" என்றார் உள்ளே. "நேத்து அம்மா கட்டில்ல படுத்துப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. முதுகு வலி இல்ல. இத்தனை நாள் சும்மாவே கீழ படுத்திருக்கேன்..." குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அது பலகைக்கு ஏறி வரட்டும் என்று பேசிக்கொண்டே இருந்தார். பிறகு தண்ணீர் விழுகிற சத்தமும் தட்டுச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. கீச்சென்று ஒரு சின்னச் சத்தம். நாணல் எலி கத்தி நான் கேட்டதே இல்லை.

அது போதவில்லை. சாயங்காலம் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த நாளும் செய்தார். அதற்கும் அடுத்த நாள், "வந்துட்டேன்" என்று அவர் சொன்ன உடனேயே உள்ளே ஒரு பாய்ச்சல், அப்புறம் நிசப்தம். குவளைத் தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. அக்கா உடனே வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் மறுபடி கேட்டது. "எல்லாரும் போயாச்சா? சரி. சரி. அப்படித்தான்." யாரும் இல்லாத நாணலிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மழை தூறத் தொடங்கியிருந்த ஒரு மாலையில் எலிகளைச் சதுப்புக்குக் கொண்டுபோனோம். கூண்டு தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். திறந்த உடனே செம்பழுப்பாய் ஏதோ ஓடியது தெரிந்தது, அவ்வளவுதான். நாணல் மூடிக்கொண்டது. டாக்டரம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரு தடவை பேசிப் பாக்கறீங்களா? எனக்கு உறுதியாத் தெரியணும்" என்றார்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி நாணல் ஓரம் நின்றார். என்ன பேசுவது என்று யோசித்த மாதிரி இருந்தது. "இதுதான் காத்து" என்றார். "ஆடுதுல்ல, அதான். மழை வந்தா இன்னும் ஆடும். புடிச்சுக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "வர்றீங்களா?" என்றார்.

காற்றுக்கு ஆடியதைத் தவிர ஒரு தண்டும் அசையவில்லை. அவர் காத்திருந்தார். காது கிழிந்ததும் வரவில்லை.

"நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்றார் டாக்டரம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. திரும்பும்போது அக்கா முன் சீட்டில் உட்கார மறுத்துவிட்டு, பின்னால் காலிக் கூண்டுகளோடு உட்கார்ந்து வந்தார்.

மழைக்காலம் முழுக்க அவர் வேலைக்கு வந்தார். டாக்டரம்மா அவரைத் தானியம் புடைக்கும் இடத்துக்கு மாற்றியிருந்தார். அங்கே பேசத் தடையில்லை, பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். அக்கா பேசவில்லை. கேட்டால் பதில் சொல்வார். மழை விட்டதும் டாக்டரம்மா சதுப்புக்குப் போய்ப் படகில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். பச்சை நாணலில் புதுக் கூடுகள் இருந்தனவாம். எலி மட்டும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையாம்.

அடுத்த வாரம் அக்கா வேலையை விட்டார். அண்ணன் மனைவிக்கு உடம்பு சரியில்லை, வீட்டைப் பார்த்துக்கொள்ள வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போனேன். ஒரு பெட்டி, ஒரு பை, அவ்வளவுதான் அவர் சாமான்.

"அங்க வீடு நெறைய ஆளுங்கக்கா. பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இருக்காது" என்றேன்.

"ஆமா" என்றார். பிறகு தன் வலது கையைப் பார்த்துச் சிரித்தார். "பேசணும்னு வாயத் தொறந்தா இந்தக் கை முதல்ல தட்டைத் தேடுதுடி. போகப் போகச் சரியாயிடும்."

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், "டாக்டரம்மா சொன்னதை இன்னொரு தடவை சொல்லு" என்றார். கூடுகள் இருந்ததையும், பகலும் இரவும் பார்த்தும் ஓர் எலிகூட வெளியே வராததையும் மறுபடி சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கடவுள் காப்பாத்துவார்க்கா, போயிட்டு வாங்க" என்றேன். பஸ் நகர்ந்தது. அவர் கம்பிக்கு வெளியே தலையை நீட்டினார்.

"நீ எப்பவாச்சும் அந்த நாணல் பக்கம் போனீன்னா சும்மா போகாத. நல்லா சத்தமாப் பேசிக்கிட்டே போ."